திறக்காத பெட்ரோல் மூடி: பழைய முகத்தோடு வந்த புது மசில் கார்கள்

2005 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்றின் பின்னால் போய் நின்று பாருங்கள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று நெட்டுக்குத்தாக டெயில் லைட்டுகள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம், அதன்மேல் 'ஜிடி' என்ற எழுத்து. பார்த்தால் பெட்ரோல் மூடி போலவே இருக்கும். பிடித்துத் திருகினால் அசையாது. மூடி மாதிரி செய்து ஒட்டிய வில்லை அது. பெட்ரோல் போடும் வாய் காரின் பக்கவாட்டில், எல்லாக் கார்களையும் போலத்தான்.

1964 ஏப்ரலில் வந்த முதல் மஸ்டாங்கில் அதே இடத்தில் நிஜ மூடி இருந்தது. அதில் டேங்க்தான் டிக்கியின் தரை. எனவே குழாயை நேராகப் பின்பக்கம் கொண்டுவந்து ஒரு மூடியைத் திருகிவிடுவது சுலபமான வழி. பின்னாலிருந்து இன்னொரு வண்டி மோதினால் என்ன ஆகும் என்ற கவலை வந்ததெல்லாம் பிறகு. 2005 காரில் டேங்க் பின் அச்சுக்கு முன்னால் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. மூடிக்குப் பின்பக்கம் எந்த வேலையும் கிடையாது. வட்டம் மட்டும் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை.

ரெட்ரோ மசில் கார் என்றால் என்ன என்று ஒரே பொருளைக் காட்டி விளக்கச் சொன்னால், நான் இந்த வில்லையைத்தான் காட்டுவேன். வேலைக்காகப் பிறந்த உருவம், வேலை போன பிறகும் ஞாபகத்துக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் வந்த மஸ்டாங், சேலஞ்சர், கமாரோ மூன்றிலும், அவற்றின் பேரில் கொட்டிய ஸ்பெஷல் எடிஷன்களிலும், இந்த வேலைக்கும் ஞாபகத்துக்கும் நடக்கும் இழுபறியைத்தான் பார்க்கிறோம்.

முன்கதை சுருக்கம்தான். நடுத்தர விலை, இரண்டு கதவு, பானெட்டுக்குள் அளவுக்கு மீறிய வி8 இன்ஜின்: இதுதான் மசில் கார். போருக்குப் பின் பிறந்த அமெரிக்கத் தலைமுறை லைசென்ஸ் எடுக்கும் வயதுக்கு வந்த 1960-களில் இது பற்றிக்கொண்டது. பிறகு இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. டாட்ஜ் சேலஞ்சர் 1974-ல் நின்றுபோனது. செவர்லே கமாரோ 2002 வரை தாக்குப்பிடித்து அதுவும் நின்றது. மஸ்டாங் மட்டும் ஒரு வருடம்கூட விடாமல் வந்துகொண்டிருந்தது. ஆனால் 1980-களின் மஸ்டாங்கை அடையாளம் காண அதன் பெயரைப் படித்துப் பார்த்தால்தான் உண்டு.

அந்த நேரத்தில் ஃபோர்டின் வடிவமைப்புத் தலைவராக வந்தவர் ஜே மேஸ். அதற்கு முன் ஃபோக்ஸ்வேகனில் புது பீட்டிலுக்கு வித்திட்ட மாதிரிக் காரில் வேலை செய்தவர். பழைய உருவத்தை வைத்துப் புதுக்கார் விற்பதில் கை பழகியவர் என்று சொல்லலாம். 2003 ஜனவரி டெட்ராய்ட் கண்காட்சியில் ஃபோர்டு புதிய மஸ்டாங்கின் மாதிரியைக் காட்டியபோது, 1960-களின் கடைசி மஸ்டாங் தூங்கி எழுந்து வந்ததுபோல இருந்தது. முன்னோக்கிச் சாய்ந்த மூக்கு, கதவிலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பள்ளம், கூரையின் முடிவில் முக்கோணக் கண்ணாடி, கிரில்லுக்குள்ளேயே இரண்டு பனிவிளக்குகள். எல்லாம் பழைய ஆல்பத்திலிருந்து எடுத்தவை.

அந்தக் காரின் தலைமைப் பொறியாளர் ஹாவ் தாய்-டாங். வியட்நாமின் சைகோனில் பிறந்தவர். போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினரை உற்சாகப்படுத்தக் கொண்டுவரப்பட்ட ஒரு மஸ்டாங்கை அங்கே சிறுவனாகப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1975-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர், பிறகு அதே காரை மறுபடி செய்யும் பொறுப்பில் உட்கார்ந்தார். இந்தக் கார்களின் மேல் உள்ள ஏக்கம் அமெரிக்கர்களுக்கு மட்டுமே சொந்தமானது என்று நினைப்பவர்கள் இவரை நினைத்துக்கொள்ளலாம்.

2005-ல் மட்டும் 1,60,000 மஸ்டாங்குகளுக்கு மேல் விற்றன. எதிராளிகள் சும்மா இருப்பார்களா? 2006 ஜனவரியில் அதே டெட்ராய்ட் கண்காட்சியில் டாட்ஜ் சேலஞ்சரும் செவர்லே கமாரோவும் ஒரே நேரத்தில் மாதிரிக் காரைக் காட்டின. டாட்ஜ் எடுத்துக்கொண்டது 1970-ஐ. செவர்லே எடுத்துக்கொண்டது 1969-ஐ.

பழைய காரை அப்படியே நகலெடுக்க முடியாது என்பதில்தான் வடிவமைப்பாளனின் தலைவலி தொடங்குகிறது. 1970 சேலஞ்சரின் உயரம் சுமார் 129 செ.மீ. 2008-ல் விற்பனைக்கு வந்த சேலஞ்சரின் உயரம் சுமார் 145 செ.மீ. நீளத்திலும் பதினாறு செ.மீ. கூடுதல். காரணம் எளிது. டாட்ஜ் புதிதாக ஒரு அடித்தளம் செய்யவில்லை. கையில் இருந்த பெரிய நான்கு கதவு செடானின் அடித்தளத்தைக் கொஞ்சம் குறுக்கிப் பயன்படுத்தியது. அதோடு இன்றைய கார் பக்கவாட்டு மோதலைத் தாங்க வேண்டும், கவிழ்ந்தால் கூரை நசுங்கக் கூடாது, காற்றுப்பைகளுக்கு இடம் வேண்டும். கதவு தடிக்கிறது, தூண் தடிக்கிறது, ஜன்னலுக்குக் கீழே ஓடும் இடுப்புக்கோடு மேலே ஏறுகிறது.

பக்கவாட்டுத் தகடு இப்படி உயர்ந்துவிட்டால், பழைய 14, 15 அங்குலச் சக்கரம் அதன் கீழே தள்ளுவண்டிச் சக்கரம் போலத் தெரியும். அதனால்தான் முதலில் வந்த வேக ரகமான சேலஞ்சர் எஸ்ஆர்டி8 இருபது அங்குலச் சக்கரத்தோடு வந்தது. ஸ்டைலுக்காக என்று நாம் நினைக்கும் பெரிய சக்கரம், பெருத்த உடம்பின் கணக்கைச் சரிக்கட்டப் போட்டது. போட்டோவில் தனியாகப் பார்த்தால் புதுச் சேலஞ்சர் 1970 காரேதான். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அண்ணனும் தம்பியும் அல்ல, அப்பாவும் வளர்ந்து தோளுக்கு மேல் போன பிள்ளையும்.

கமாரோக்காரர்கள் வேறு வழி எடுத்தார்கள். 1969-ன் சாயலை வைத்துக்கொண்டு மற்றதை மிகைப்படுத்தினார்கள். இடுப்பு இன்னும் ஏறியது, கூரை இன்னும் இறங்கியது. வெளியிலிருந்து பார்க்கக் கண் கொள்ளாது. உள்ளே உட்கார்ந்தால் கோட்டை மதிலின் துவாரம் வழியாக உலகத்தைப் பார்ப்பது போல இருக்கும். சிக்னலில் முன்னால் நின்றால் விளக்கைப் பார்க்கக் கழுத்தைக் குனிய வேண்டும் என்பது கமாரோக்காரர்களின் தீராத புலம்பல். பின்சக்கரத்துக்கு முன்னால் மீன் செவுள் போலக் கீற்றுகள் இருக்கும். காற்று போக அல்ல, 1969-ஐ ஞாபகப்படுத்த. மஸ்டாங்கின் வில்லைக்குச் சொந்தக்காரத் தம்பி.

ஆனாலும் மூன்றில் எனக்குப் பிடித்த சின்ன விஷயம் ஒன்று கமாரோவில்தான் இருக்கிறது. கியர் தடிக்கு முன்னால், முழங்கால் உயரத்தில், நான்கு சிறிய மீட்டர்கள். 1960-களின் கமாரோவில் அதே இடத்தில் இருந்தவை. ஓட்டும்போது அங்கே பார்த்தால் வண்டி எங்காவது போய் இடிக்கும். இரவில் ஒளிரும்போது மட்டும் அது பயனில்லாத இடம் என்பதே மறந்துபோகும்.

ரெட்ரோ டிசைனின் பெரிய சிக்கல் முதல் காரில் வராது, இரண்டாவது காரில் வரும். தாத்தாவின் நல்ல போட்டோ ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பார்த்து ஓவியம் வரைந்தாயிற்று. அடுத்த ஓவியத்துக்கு என்ன செய்வது? 1974 மஸ்டாங்கையோ 1982 கமாரோவையோ பார்த்து வரைந்தால் வாங்க ஆள் இருக்காது. புது பீட்டிலும் ஃபோர்டின் 2002 தண்டர்பேர்டும் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டன.

மூன்று கம்பெனிகளும் மூன்று விதமாகச் சமாளித்தன. ஃபோர்டு 2015-ல் மெல்ல நழுவியது: உடலைத் தாழ்த்தி, அகலமாக்கி, முதன்முறையாகத் தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்கும் செய்து, உலகச் சந்தைக்கான காராக மாற்றியது. 2016 ஜூலையில் இந்தியாவில் 65 லட்சம் ரூபாய்க்கு அறிமுகமானது இந்தத் தலைமுறைதான். பழைய மூக்கை விட்டார்கள், பனிவிளக்கை விட்டார்கள். பின்னால் இருந்த வட்ட வில்லையை விடவில்லை.

செவர்லே 2016-ல் இன்னும் சிறிய, லேசான, வளைவுகளில் அருமையாகத் திரும்பும் கமாரோவைச் செய்தது. ஆனால் அதே போட்டோவை மறுபடி வரைந்து, அதே குறுகிய ஜன்னலையும் வைத்தது. 2019-ல் முகத்தை மாற்றி, செவர்லே சின்னத்தை ஒரு கறுப்புப் பட்டையின் நடுவில் வைத்தார்கள். எதிர்ப்பு எப்படி வந்தது என்றால், ஒரே வருடத்தில் எஸ்எஸ் மாடலின் முகத்தை மறுபடி திருத்த வேண்டியதாயிற்று.

டாட்ஜ் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. பதினைந்து ஆண்டுகள் அதே உடம்பை விற்றது. 2015-ல் ஒரு தடவை முகத்தையும் டெயில் லைட்டையும் திருத்தினார்கள். அதற்கு எதைப் பார்த்தார்கள் தெரியுமா? 1971 சேலஞ்சரை. ஏழு வருடம் கழித்து, ஒரே ஒரு வருடம் நகர்ந்திருக்கிறார்கள்!

அப்படியானால் விற்பனை? கமாரோ வந்த புதிதில், 2010-ல், 81,299 விற்று மஸ்டாங்கின் 73,716-ஐ முந்தியது. 2021-ல் அதே கமாரோ 21,893. அந்த வருடம் முதலிடம் யாருக்கு என்றால், ஒன்றுமே செய்யாத சேலஞ்சருக்கு: 54,314. மஸ்டாங்குக்கு 52,414. உடம்பை மாற்றாமல் இருந்ததால் சேலஞ்சர் ஜெயித்தது என்று சொன்னால் பாதி உண்மை. மறுபாதி, ஸ்பெஷல் எடிஷன் என்ற கலையை டாட்ஜ் அளவுக்கு வேறு யாரும் கைவசப்படுத்தவில்லை.

கார் தொழிற்சாலையில் தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் டைகள் பெரும் செலவு பிடிப்பவை. கதவோ பானெட்டோ மாற வேண்டும் என்றால் புது டை வேண்டும். பெயிண்ட், கோடு, பேட்ஜ், சக்கரம், சீட் துணி ஆகியவற்றுக்கு அது வேண்டாம். ஆக, உடம்பு பழசாகிவிட்ட காரைச் செய்தித்தாளில் வைத்திருக்க மலிவான வழி, வருடம் ஒரு ஸ்பெஷல் எடிஷன். டாட்ஜுக்கு இதில் கூடுதல் அதிர்ஷ்டம், பழைய கலர் பெயர்களே விளம்பரம் மாதிரி இருந்தன: பிளம் கிரேஸி, சப்லைம், கோ மேங்கோ. கடைசியானது மாம்பழக் கலர், நமக்கு விளக்கம் வேண்டாம்.

இதைக் கேட்டு எல்லா எடிஷனும் வெறும் ஸ்டிக்கர் வேலை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆதியில் இவை பிறந்த காரணமே வேறு. 1967 கமாரோ இஸட்/28-ல் 302 கன அங்குல (ஐந்து லிட்டருக்குச் சற்றே குறைவான) இன்ஜின் ஏன் வந்தது? அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் கார் பந்தயத்தில் ஐந்து லிட்டருக்குமேல் கூடாது என்பது விதி. பந்தயக் கார் கடையில் விற்கிற காராகவும் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அந்த முதல் வருடம் செய்தவை 602 தான். 1969-ல் ஃபோர்டு செய்த பாஸ் 302-ம் அதே பந்தயத்துக்கு. அன்றைய எடிஷன், பந்தய விதிப் புத்தகத்தின் பக்க விளைவு.

இன்று அந்த விதி கிடையாது. எனவே எந்த எடிஷனையும் எடைபோட என்னிடம் ஒரு சோதனை உண்டு: கோட்டையும் பேட்ஜையும் சுரண்டி எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

2012 பாஸ் 302 இதில் தேறும். 444 குதிரைத்திறன் என்பது விளம்பர எண். எனக்கு முக்கியம் சாவி. அந்தக் காருக்குச் சிவப்பு நிறத்தில் இன்னொரு சாவி வாங்கலாம். அதே துவாரம், அதே திருகல். ஆனால் சிவப்பைப் போட்டுத் திருகினால் இன்ஜின் கம்ப்யூட்டர் பந்தயத்துக்கான வேறொரு மென்பொருளில் கண்விழிக்கும். சும்மா நிற்கும்போதே பழைய பந்தயக் கார் மாதிரி விக்கி விக்கி உறுமும். வழக்கமான சைலன்சர்கள் போக, பின்சக்கரங்களுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒரு குழாய். அவற்றுக்குள் சத்தத்தை அடக்க ஓட்டை போட்ட உலோக வில்லை. பந்தயத் தடத்தில் அதைக் கழற்றிவிடலாம்.

2014 கமாரோ இஸட்/28 இன்னும் பிடிவாதம். 7 லிட்டர் இன்ஜின், 505 குதிரைத்திறன். ஏசி வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். பின்கண்ணாடியை மெல்லியதாக்கி, டிக்கிக் கம்பளத்தைப் பிடுங்கி, கிராம் கிராமாக எடை குறைத்தார்கள். ஸ்பீக்கர்களையும் எடுத்துவிட்டார்கள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றும் பாட்டுக்காக இல்லை. சீட் பெல்ட் போடாவிட்டால் மணி அடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, அதற்காக.

மறு கோடியில் புல்லிட் எடிஷன். நம்மூர் புல்லட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1968-ல் வந்த அந்தப் பெயருடைய படத்தில், சான் பிரான்சிஸ்கோவின் மேடு பள்ளங்களில் ஸ்டீவ் மெக்வீன் ஒரு கரும்பச்சை மஸ்டாங்கை விரட்டுவார். அந்தக் காட்சியை வைத்து ஃபோர்டு 2001, 2008, 2019 என்று மூன்று தடவை எடிஷன் விட்டது. என் சோதனைப்படி பார்த்தால் இது பெரிதாகத் தேறாது. இன்ஜினில் கொஞ்சம் கூட்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு தலைகீழ் அழகு இருக்கிறது. மற்ற எடிஷன்கள் எதையாவது ஒட்டும், இது உரித்தது. 2008, 2019 கார்களின் முன்கிரில்லில் குதிரைச் சின்னமே கிடையாது. கோடு கிடையாது. பின்னால் அந்தப் பொய் மூடியில் மட்டும் துப்பாக்கிக் குறி போல ஒரு வட்டமும் பெயரும். படத்தில் ஓடிய நிஜக் கார் 2020 ஜனவரியில் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, தரகு தனி.

ஹெர்ட்ஸ் வாடகைக் கம்பெனியின் கதையும் இந்த வரிசையில்தான் வரும். 1966-ல் அவர்கள் சுமார் ஆயிரம் ஷெல்பி மஸ்டாங்குகளை (பந்தயக்காரர் கேரல் ஷெல்பி வேகம் கூட்டிய ரகம்) வாடகைக்கு விட்டார்கள், பெரும்பாலும் கறுப்பு உடலில் தங்கக் கோடு. வார இறுதியில் எடுத்துப்போய்ப் பந்தயம் ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை ஒன்றும் தெரியாதவர் போலத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பற்றி ஏகப்பட்ட கதைகள் உலவுகின்றன. 2006-ல் அதே கறுப்பு-தங்கத்தில் 500 கார்கள் மறுபடி வந்தன. இந்தத் தடவை எல்லாமே ஆட்டோமேட்டிக் கியர். பட்ட அனுபவம் பேசுகிறது.

இந்த இரண்டு கோடிகளையும் ஒரே காரில் முடிச்சுப் போட்டது டாட்ஜ். 2015-ன் 'ஹெல்கேட்' சேலஞ்சரில் 707 குதிரைத்திறன், கூடவே இரண்டு சாவி: கறுப்பைப் போட்டால் 500-க்கு மேல் தராது, சிவப்பில் முழுசும். முன்னால் இருக்கும் நான்கு வட்டங்களில் ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டுநர் பக்கத்து உள்வட்டத்தில் விளக்கு இருக்காது, ஓட்டைதான். இன்ஜினுக்குக் காற்று அந்த வழியாகப் போகிறது. 1970-ன் ஞாபகத்துக்காக வைத்த வட்டத்துக்கு ஒரு நிஜ வேலை கிடைத்துவிட்டது. மஸ்டாங்கின் வில்லைக்கு நேர் எதிர்.

2018-ல் வந்த 'டீமன்' சேலஞ்சர், நேர்க்கோட்டில் கால் மைல் பாயும் இழுவைப் பந்தயத்துக்கென்றே செய்தது. உயர் ஆக்டேன் பெட்ரோலில் 840 குதிரைத்திறன், மொத்தம் 3,300 கார்கள். ஓட்டுநர் சீட் மட்டும் போட்டுத் தருவார்கள். பக்கத்து சீட் வேண்டுமா, ஒரு டாலர். பின்சீட் வேண்டுமா, இன்னொரு டாலர். ஒல்லியான முன்சக்கரங்களும் கருவிகளும் அடங்கிய ஒரு பெட்டியும் ஒரு டாலருக்கு. சீட்டுக்கு ஒரு டாலர் என்பது தள்ளுபடி அல்ல, அந்த சீட் இந்தக் காரில் தேவையில்லாத சுமை என்று முகத்துக்கு நேரே சொல்லும் விதம். போட்ட விலைக்குமேல் டீலர்கள் வைத்து விற்பார்கள் என்று தெரிந்து, போட்ட விலைக்குள் விற்கும் ஆர்டர்களை முதலில் செய்து தருவதாகவும் அறிவித்தார்கள்.

கம்பெனி திட்டமிடாமல் வந்த ஒரு ஸ்டைலையும் சொல்லிவிட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து ஷோரூம் போகும் வழியில் முன்பம்பரின் அடி விளிம்பு உரசாமலிருக்க, டாட்ஜ் மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை மாட்டி அனுப்பும். ஷோரூமில் கழற்றி எறிய வேண்டிய சமாசாரம். ஆனால் ஆட்கள் கழற்றாமல் ஓட்ட ஆரம்பித்தார்கள். பிறகு அதுவே அடையாளமாகிவிட்டது. கழற்றணுமா கூடாதா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். புதுக்கார் சீட்டின் பாலித்தீன் உறையை இரண்டு வருடம் பிரிக்காமல் ஓட்டும் நம் மக்களைக் கேலி செய்பவர்கள் இதைக் கவனிக்க.

2022-ல் டாட்ஜ் வி8 சேலஞ்சருக்கும் அதன் நான்கு கதவு உறவான சார்ஜர் என்ற காருக்கும் முடிவு அறிவித்தபோது, முடிவையே எடிஷனாக்கியது. 'லாஸ்ட் கால்' என்ற பெயரில் ஏழு ஸ்பெஷல்கள். அவற்றில் 300 மட்டுமே செய்த 'பிளாக் கோஸ்ட்' என்னைத் தொட்டது. 1970-களின் தொடக்கத்தில், டெட்ராய்டின் உட்வர்டு அவென்யூவில் இரவுப் பந்தயம் நடக்கும் இடத்துக்கு ஒரு கறுப்பு சேலஞ்சர் வரும். ஜெயிக்கும். யாரோடும் பேசாமல் போய்விடும். மாதக்கணக்கில் காணாது. ஓட்டியவர் பகலில் அந்த ஊரின் மோட்டார் சைக்கிள் போலீஸ்காரர். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை, தெரியவும் கூடாது. காரை அவர் கடைசிவரை விற்கவில்லை, மகனிடம் கொடுத்துவிட்டுப் போனார். 2023 மே மாத ஏலத்தில் அது தரகோடு சேர்த்துப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது.

2023 எடிஷனில் அந்தக் காரின் முதலைத்தோல் போன்ற கூரைகூட உண்டு, ஒட்டிய படலமாக. இன்ஜின் 807 குதிரைத்திறன். சுரண்டிப் பார்க்கும் என் சோதனைக்கு இந்தக் கார் ஈடுகொடுக்கும். ஆனால் அந்த ஆள் பொதுச்சாலையில் தன் வேலையைப் பணயம் வைத்து ஓட்டிய காரின் நகலை, வரிசை எண் போட்டு, வாங்கியவர்கள் பலர் உறை போர்த்தி நிறுத்தி வைப்பார்கள். இதில் ஏதோ உறுத்துகிறது.

ஏழாவதாக வந்தது 2023 மார்ச்சில் லாஸ் வேகாஸில் காட்டிய டீமன் 170. எத்தனால் கலந்த எரிபொருளில் 1,025 குதிரைத்திறன், கால் மைலுக்கு 8.91 வினாடி. அந்த டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையிலிருந்து கடைசி சேலஞ்சர் வெளியே வந்தது. அதுவும் ஒரு கறுப்பு டீமன் 170. அதே மாதம் கமாரோவும் நின்றது. அதன் கடைசி எடிஷனில் இஸட்எல்1 என்ற வேக ரகத்தின் 350 கார்களுக்குப் 'பாந்தர்' என்ற பளபளப்பில்லாத கறுப்பு. கமாரோ பிறக்கும் முன் கம்பெனிக்குள் அதற்கு இருந்த ரகசியப் பெயர் அதுதான். மஸ்டாங் மட்டும் இன்னும் வி8-ஓடு கடையில் இருக்கிறது.

டாட்ஜ் அடுத்து 'சார்ஜர்' என்ற அதே பெயரில் ஒரு மின்சாரக் காரைக் கொண்டுவந்தது. அதில் எரிவதற்கு எதுவும் இல்லை, ஆனாலும் பின்னால் ஓர் எக்ஸாஸ்ட் உண்டு: புகைக்குப் பதில் ஸ்பீக்கரின் சத்தத்தை அறைகள் வழியாக அனுப்பி வி8 போல உறுமவைக்கும் ஏற்பாடு. மஸ்டாங்கின் திறக்காத மூடிக்கு வாய் முளைத்த மாதிரி. கூட்டம் எதிர்பார்த்தபடி வரவில்லை. 2025 ஆகஸ்டில் அதே உடம்பில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் சார்ஜரைக் காட்டினார்கள். அதில் பெட்ரோல் மூடி இருக்கிறது, பக்கவாட்டில். திறக்கும்.